மாமியார் வீட்டு அகத்தி

தலை ஆடிக்கு மூன்று நாள் விருந்தென்று மனைவியோடு நல்லம்பள்ளி மாமியார் வீட்டுக்கு வந்த குருவால், நான்கு மாதமாகியும் கிளம்ப முடியவில்லை. பையைத் தூக்கினாலே கால் துவண்டு, கட்டிலில் கொண்டுபோய்ச் சாய்த்துவிடும்.

“உன் மாமியா சோத்துல மருந்து வெச்சிக் கட்டிப் போட்டுட்டாங்கடா!” என்று போனிலேயே கண்டுபிடித்தான் நண்பன் மரிய ஆனந்த். “அகத்தி தின்னு, எந்த மருந்தும் முறிஞ்சிடும். நாளைக்கு ஓசூர் கம்பெனியில வந்து சேரலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க.”

அன்று மத்தியானம் மாமியார் பானுமதி கண்ணயர்ந்ததும், குரு கொல்லைக்குப் போய் அகத்தி இலையும் பூவுமாக உருவி வாயில் திணித்தான். கசப்பில் கண்ணீர் முட்டியது.

“என்னங்க மாப்ள பண்றீங்க?”

பின்னால் பானுமதி. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றவன், ஒருவழியாக விழுங்கிவிட்டுக் கேட்டே விட்டான்.

“எனக்கு ஏங்க அத்தை மருந்து வெச்சீங்க?”

“நானா? இந்த வூட்டை விட்டு நகராதபடி உங்கம்மாதான் வெச்சி அனுப்பிட்டாங்கன்னு, மூணு மாசமா அகத்தியை அரைச்சி அடையில கலந்து போட்டுட்டிருக்கேன். நீங்க கிளம்பற வழியைத்தான் காணோம்!”

குரு உள்ளே போய்ப் பையைத் தூக்கினான். கால் துவண்டது.

“சாயங்காலமும் அடைதானுங்களா அத்தை?”