சிவப்புக் கோட்டு

“இன்னும் உசுரு இருக்குதாம் மாஸ்டர்.”

வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்த சவுரியப்பன், புளியமரத்தடியில் தன் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அல்போன்ஸ் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“மொத பஸ்ஸப் புடிச்சு வாங்கன்னான் அந்தப் பையன். வந்து குந்துனதுதான் மிச்சம். எழவு எப்ப வுழும்னு காத்துக் கெடக்கற பொழப்பா போயிருச்சு பாரு.”

சொன்ன பிறகு அவருக்கே தன் வாய்மேல் கோபம் வந்தது. ஆனால் என்ன செய்ய, பிழைப்பு அப்படித்தான் ஆகியிருந்தது.

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு காலத்தில் அல்போன்ஸ் தேதி கொடுத்த பிறகுதான் முகூர்த்தமே குறிப்பார்கள். பன்னிரண்டு பேர், ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு. ஊர்வலம் வந்தால் ஜனம் மாப்பிள்ளையை விட்டுவிட்டு பேண்டு செட்டைத்தான் பார்க்கும். இப்போது கல்யாணத்துக்கெல்லாம் டிஜே பெட்டி லாரியில் வந்து இறங்குகிறது. மிஞ்சியவர்கள் இந்த இரண்டு பேர். கூப்பிடுவது சாவு வீட்டில் மட்டும், அதுவும் எப்போதாவது.

நாளைக்கு அல்போன்ஸ் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார். மகள் கேத்தரின் அங்கே ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை சொல்லி வைத்திருக்கிறாள். போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை நாலு பேர் கேட்க ஊதிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அந்தக் கடைசியும் சாவு வீட்டில் வாய்த்ததே என்று ஒரு ஆற்றாமை. அதுவாவது நடந்து தொலைகிறதா என்றால் இதோ, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

“இந்த மாயவன் எப்பவுமே இப்பிடித்தான்,” என்றார் அல்போன்ஸ். “இவரு கல்யாணத்துக்கு நாமதான வாசிச்சோம்? ஊர்வலம் வூட்டுக்கு வந்து சேந்தும் வுடல. பொண்ண வாசல்ல நிக்க வெச்சுட்டு, இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டுன்னு நம்ம உசுர வாங்குனாரு.”

“பாட்டுப் பைத்தியம் மாஸ்டர்.”

“அன்னைக்கு நம்ம உசுர வாங்குனாரு. இன்னைக்கு அவரு உசுர வுட மாட்டேங்கறாரு.”

சவுரியப்பன் சிவப்புக் கோட்டின் கழுத்துப் பட்டனைக் கழற்றினார். “வேகுது. சாவுக்கு நாம வெள்ளச் சட்டதான போடுவோம்? செவப்புக் கோட்டுதான் போட்டுட்டு வரணும்னு அந்தக் குரு எதுக்குச் சொன்னான்?”

“போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெக்கறதுக்கா இருக்கும். இப்பல்லாம் சாவும் ஒரு பங்ஷன்தான அவங்களுக்கு.”

குரு, மாயவனின் மகன். டாக்டர் கையை விரித்துவிட்டார், அப்பாவுக்கு நீங்கள்தான் வாசிக்க வேண்டும், நாளைக்கு வந்துவிடுங்கள் என்று நேற்று போனில் சொன்னவன். இப்போது இரண்டு டம்ளர் மோரோடு அவனே வந்தான்.

“கொஞ்சம் பொறுத்துக்கங்க மாஸ்டர். இப்ப ஆயிருங்க.”

அடுப்பில் சோறு வேகிற மாதிரியல்லவா சொல்லிவிட்டுப் போகிறான், பெற்ற அப்பனை! மோர்கூட அல்போன்ஸுக்குக் கசந்தது. ‘அந்தோணியாரே, சீக்கிரம் முடிச்சு வையும்’ என்று மனசுக்குள் வேண்டிவிட்டு, வேண்டியதை நினைத்து அவசரமாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு மொபெட் வந்து நின்றது. சவரப் பையோடு இறங்கிய ஆள் நேராக உள்ளே போனார்.

“முடிஞ்சிருச்சு மாஸ்டர்,” என்று எழுந்தார் சவுரியப்பன்.

அந்தப் பக்கத்து வழக்கம் இருவருக்கும் தெரியும். உயிர் போனதும் சவரம் செய்து, குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாசலில் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் வாசிப்பு.

“அழுக சத்தமே கேக்கலயே?” என்று அவரே சந்தேகப்பட்டார்.

“இப்ப யாருப்பா அழறாங்க? எடு குச்சிய.”

வழக்கப்படியே சற்று நேரத்தில் குருவும் இன்னொருவரும் மாயவனை நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் வைத்தார்கள். மழமழவென்ற முகம், நெற்றி நிறைய திருநீறு, மொடமொடப்பான வேட்டி. கண் மூடி, தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மனைவி மாதம்மாள் பின்னாலேயே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு சாவுக்கு வாசிக்கும் மெட்டை எடுத்தார். டிஜே பெட்டிமேல் இருந்த கோபம், பெங்களூர்மேல் இருந்த பயம், எல்லாவற்றையும் சேர்த்து ஊதினார். அக்கம்பக்கத்து ஜனம் ஓடி வரும் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷம் கழித்து டிரம்பெட் அவர் சொன்னபடி கேட்டது.

திடீரென்று டிரம் நின்றுவிட்டது.

“அடிப்பா,” என்று எரிச்சலோடு கண்ணைத் திறந்தார். சவுரியப்பனின் குச்சி தரையில் கிடந்தது. நாற்காலியில் மாயவன் ஒரு கையை உயர்த்தியிருந்தார்.

“இது வேண்டாம் மாஸ்டர்,” என்றார் மாயவன், மூச்சு வாங்கிக்கொண்டே. “அன்னைக்கு ஊர்வலத்துல வாசிச்சீங்களே, அத வாசிங்க.”

அல்போன்ஸ் டிரம்பெட்டைக் கீழே இறக்கினார். “மன்னிச்சுக்கங்க. நாங்க… சாவுக்குக் கூப்புட்டீங்கன்னு நெனச்சு…”

“சாவுக்குத்தாங்க கூப்புட்டேன். செத்தப்பறம் வாசிச்சா எனக்கு எப்பிடிங்க கேக்கும்?”