பால் பட்ட கையுறை

பால்கனித் தொட்டியில் இருந்த திருகுகள்ளி கூரையை முட்டும்படி வளர்ந்துவிட்டது. கிளைகளை நறுக்க வந்த கை, ரப்பர் கையுறைக்குள் நுழைந்துகொண்டது.

கையுறைக்குப் பெருமை பிடிபடவில்லை. "கத்தரி, நீ வெறும் கருவிதான். நான் அப்படியில்லை, கையோட தோலாக்கும்" என்றது.

கத்தரி ஒரு கிளையைக் கடித்ததும் வெட்டுவாயில் வெள்ளைப் பால் பொங்கியது. "விலகிப் போயிடு! பட்ட இடமெல்லாம் வெந்துபோகும்" என்று கத்தியது கள்ளி.

"என்மேல படட்டும். உள்ளே இருக்கிறவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று சொல்லி, அத்தனை பாலையும் கையுறையே வாங்கிக்கொண்டது. கத்தரியைத் துடைத்து, எண்ணெய் தடவி, ஆணியில் மாட்டியதும் அதுதான்.

வேலை முடிந்தது. கை, மறுகை ஒரு காகிதத்தால் கையுறையின் நுனியைப் பிடிக்க, தன்மேல் உரசாமல் உருவிக்கொண்டு வெளியே வந்தது. காகிதத்தோடு சேர்த்துக் கையுறையைக் குப்பைக்கூடையில் எறிந்தது. கள்ளியை மட்டும் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து அழகு பார்த்தது.

பிறகு வீட்டாரை எச்சரித்தது: "யாரும் அந்தக் கூடைப் பக்கம் போயிடாதீங்க. உள்ளே விஷம் கிடக்குது!"

கையுறைக்குள் அந்தக் கையின் சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை.