ஒரு மடக்குத் தண்ணீர்

மாலை வெயில் ஆஸ்பத்திரி வார்டின் உயரமான சன்னல் வழியே இறங்கி, சிங்கராயரின் வெடித்த உதடுகளில் விழுகிறது. முறுக்கிக்கொண்ட குடலை வெட்டித் தைத்த வயிறு கட்டுக்குள் கல்லாக உப்பிக் கிடக்கிறது. “ஏட்டி, ஒரு மடக்குத் தண்ணி தா” என்கிறார். அவர் மனைவி சேசம்மாளின் மடியில் தாராவிக் கோயில் தீர்த்தக் குப்பி இருக்கிறது. சாமியார் மந்திரித்துத் தந்த தீர்த்தம் என்ன கெடுதல் செய்துவிடும் என்று மூடியைத் திருகியவள், புருசனின் கை நீளும் வேகத்தைக் கண்டு மிரண்டு மறுபடி இறுக்குகிறாள். “காத்து பிரியட்டும், தாரேன். அதுக்கு முன்ன குடிச்சா தச்ச இடம் விட்டுருமாம். கொஞ்சம் பொறுத்துக்கிடும்.” மலையாளத்து நர்ஸ் வந்து, கொதிக்கவைத்த கண்ணாடி ஊசியில் மருந்தை ஏற்றுகிறாள். “உறங்கிப்போன குடலை எழுப்புற மருந்து, அம்மா. காலையில போட்டது கேக்கலை. இது கேக்கணும்.” ஊசி இறங்குகிறது. வெளியே லோக்கல் ரயில் வண்டி ஒன்று தடதடத்துப் போய் ஓய்கிறது. பக்கத்துக் கட்டில் மராத்திக்காரர் இருமலை அடக்கிக்கொள்கிறார். சேசம்மாளின் விரல்கள் செபமாலையின் ஒரே மணியில் நின்றுவிட்டன. வெயில் உதட்டை விட்டுத் தலையணைக்கும், அங்கிருந்து சுவருக்கும் ஏறுகிறது. அப்போது போர்வைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சத்தம் வருகிறது. பெண்டாட்டி முன்னால் ஏப்பம்கூட விடாத மனுசன், வெட்கிப்போய்ச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சேசம்மாளோ, பூசையில் மணியோசை கேட்டவளைப்போலக் கட்டிலருகே முழந்தாளிட்டுச் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.