ஒரே மேசையில் இரண்டு கணினிகள்

ஆய்வகத்தின் நீள மேசையில் இரண்டு மடிக்கணினிகள் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன.

ஒன்றின் பின்னால் ஓர் ஆள், மற்றதன் பின்னால் ஒரு பெண். போட்டிக் கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகள்.

எதிரே கணினி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு எதை வாங்குவது என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்று முதல்வர் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்.

காலையிலிருந்து நின்றே பாடம் நடத்தியதில் ஆசிரியைக்குக் கால் கடுத்தது. வந்தவர்கள் அவரைவிடக் களைத்திருந்தார்கள்.

முதலில் அவன் காட்டினான். எழுத, கணக்குப் போட, படம் வரைய எல்லா மென்பொருளும் உள்ளேயே இருக்கிறது என்றான். பல பள்ளிகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

அடுத்து அவள் முறை. அவளுடைய கணினியில் சார்ஜ் இல்லை. பையைத் துழாவினாள். சார்ஜரும் இல்லை.

அவன் தன் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அது சரியாகப் பொருந்தியது.

தன்னுடையது கொஞ்சம் கனம்தான், திறக்கவும் நேரமாகும் என்று அவள் ஒப்புக்கொண்டாள். கூட வரும் மென்பொருள்களும் குறைவு. ஆனால் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

இந்த மென்பொருளெல்லாம் எத்தனை நாளைக்கு இலவசம் என்று ஆசிரியை இருவரையும் கேட்டார்.

கணினி இருக்கும்வரை என்றாள் அவள்.

அவன் சற்றுத் தயங்கினான். முதல் வருஷம் மட்டும்தான், அப்புறம் ஒவ்வொரு பிள்ளையும் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும் என்றான். மழுப்பியிருக்கலாம். அவனுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் மழுப்பியிருந்தார்கள்.

அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் வருஷா வருஷம் கட்ட முடியாது. ஆசிரியை அவளுடைய கணினியையே வாங்கலாம் என்று சொல்லிவிட்டு, அவனிடம் தவறாக நினைக்க வேண்டாம் என்றார்.

அதனாலென்ன என்றான் அவன். இதுவும் கைநழுவினால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டதாக, யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்லிவிட்டு வயர்களைச் சுருட்டினான்.

ஜெயித்தவள் சிரிக்கக்கூட இல்லை. நன்றி என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினாள். பாவம், என்ன அசதியோ என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார்.

ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு அவர் கீழே வந்தபோது, இருவரும் வாசலுக்கு வெளியே பேருந்துக்காக நின்றிருந்தார்கள். இரண்டு பைகளும் அவன் தோளில் தொங்கின. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அட, விடு. நாளையிலருந்து பாப்பாவுக்கு நானே தலை பின்னி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ அடிச்சுப் பிடிச்சு ஓட வேண்டாம்ல” என்றான் அவன்.