சின்னவள் எழுதிய நகல்

புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் ஓரகத்திகள் மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் வந்து சேர்ந்தன. "ஆளுக்குப் பாதியாக எழுதுவீர்களா, இல்லை ஒருத்தி எழுதுவதையே மற்றவளும் எழுதுவாளா?" என்று கேட்டது மதர்போர்டு.

"பாதிப் பாதின்னா வேலை சீக்கிரம் முடியுமே," என்றாள் சின்னவள்.

"முடியும். நம்மில் ஒருத்தி மண்டையைப் போட்டா இந்த வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் போச்சு," என்றாள் பெரியவள். "நான் எழுதுறதை நீ அப்படியே எழுது. யோசிக்கிற வேலையெல்லாம் உனக்கு வேண்டாம்."

மூன்று வருஷம் சின்னவள் அப்படியே எழுதினாள். வீட்டுக்காரர் ஒரே வடையை ஏழு தடவை படம் பிடித்தாலும் ஏழையும் எழுதினாள்.

ஒரு நாள் அந்த மனுஷர், இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று, பார்க்காமல் கல்யாணப் படங்களையே அழிக்கச் சொல்லிவிட்டார். பெரியவள் மளமளவென்று அழித்தாள்.

சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, அது தாலி கட்டுற படம்!"

"நான் செய்யறதைச் செய்யுடி!"

செய்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரி போட்ட கூச்சலில் மதர்போர்டே நடுங்கிப்போய், "யார் அழித்தது?" என்றது.

பெரியவள் அசரவில்லை. "பத்திரமா இன்னொரு நகல் இருக்கணும்னுதானே இவளைக் கொண்டு வந்தது? மூணு வருஷம் கூடவே உட்கார்ந்து என்ன கிழிச்சா?" என்றவள், 'சின்னவளால் படங்கள் போயின' என்று பதிவேட்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

சின்னவள் அதையும் ஒரு புள்ளி விடாமல் அப்படியே எழுதினாள்.