இடது முட்டி

"ரஹீமாக்கா, அங்க பாரு. அந்த மஞ்சப் புடவை நம்ம அடைக்கலமேரிதானே? அது இன்னாத்துக்கு அந்தாண்ட ஒக்காந்துகினு கீது?"

கெங்கம்மா விரலை நீட்டிக் காட்டினாள். காசிமேட்டில் அவளுக்குப் பக்கத்துக் கூடையில் மீன் விற்கும் ரஹீமுன்னிசா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அதேதான். ஞாயித்துக்கெழமையானா ஒங்கிட்ட வஞ்சிரம் வாங்குமே, அந்தம்மாதான். தோ பாரு, எதிர் டீம் கேப்டன் பொண்ணு ஓடியாந்து அதைக் கட்டிக்கினு போவுது. அம்மாவாக்கும்."

கெங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

திருவொற்றியூர் மைதானத்தில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. இறுதி ஆட்டம். அவள் மகள் கார்குழலி ஓர் அரசு நிறுவனத்தின் வாலிபால் அணியில் ஒப்பந்த ஆட்டக்காரி. கோப்பையோடு வந்தால் வேலை நிரந்தரம். தோற்றால் ஒப்பந்தம் இதோடு சரி என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பயிற்சியில் முட்டி பிசகிவிட்டது. இன்னொரு அடி பட்டால் ஆட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

"ம்மா, எனக்கு இடது முட்டி போச்சுன்னு தெரிஞ்சா, அவளுங்க அந்தப் பக்கமே பாலைப் போட்டு என்னைக் காலி பண்ணிடுவாளுங்க. யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்று குழலி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். காசிமேட்டில் ஊர் வாய் என்றால் அது கெங்கம்மாவின் வாய்தான்.

"அக்கா, நான் பாவிக்கா. மீன் அறுக்கசொல்லோ, 'இன்னா கெங்கம்மா, மூஞ்சி வாடிக் கீது'ன்னு அந்தம்மா கேட்டுச்சு. யாராச்சும் பாசமா ஒரு வார்த்தை கேட்டா எனக்குத் தாங்காது. குழலிக்கு இடது முட்டி போச்சும்மான்னு சொல்லி அழுதுட்டேன். அதும் பொண்ணும் பால் ஆடுறது எனக்கு இன்னா தெரியும்? நான் மேட்ச் பாக்க வர்றதே இன்னிக்குத்தானே?"

"அடிப்பாவி! ஒன் ஓட்டை வாயில பொண்ணு பொழப்பு போச்சேடி!"

"நடுவராண்ட போயி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லட்டா?"

"சொன்னா? காலு போனவளுக்கு எவன் வேலை குடுப்பான்? சும்மா ஒக்காரு."

விசில் ஊதியது. முதல் சர்வீஸே குழலியின் இடது பக்கம் வந்து இறங்கியது. அடுத்ததும் அங்கேதான். எதிர் அணிக் கேப்டன் உயர எம்பி, ஓங்கி அடிப்பதுபோல் கையைக் காட்டிவிட்டு, பந்தை மெல்ல அதே இடத்தில் தட்டிவிட்டாள். குழலி இடது காலை முன்னே வீசி மடக்கிப் பாய்ந்து எடுத்தாள்.

கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தினமும் தன் மடியில் போட்டுத் தைலம் தேய்த்த கால் அது. வெளியே ஒரு பொட்டு வீக்கம்கூடத் தெரியவில்லையே என்று கேட்டதற்கு, "உள்காயம்மா, அப்பிடித்தான் இருக்கும்" என்று குழலி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இப்போது அந்த முட்டியைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. வலது முட்டியில் மற்றப் பெண்கள் போட்டிருந்ததுபோல் ஒரு கறுப்பு உறை. பந்து என்னவோ வெள்ளையைத்தான் தேடித் தேடி வந்தது.

"எல்லாம் தெரிஞ்சுகினுதான் அடிக்கிறாளுங்க. வடிவுடையம்மா, எம் பொண்ணு காலைக் காப்பாத்திக் குடு தாயே. இந்த வாயில இனிமே ஒரு வார்த்தை வராது."

"மொதல்ல வேண்டுதலை மனசுக்குள்ள வேண்டு. அதையும் கத்தாத" என்றாள் ரஹீமுன்னிசா.

ஆட்டம் கடைசி செட்டுக்குப் போயிற்று. மறுபடி இடது பக்கமே ஒரு பந்து. குழலி குப்புற விழுந்து எடுத்தாள். எடுத்தவள் எழுந்திருக்கவில்லை. கெங்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். முடிந்தது, பெற்ற வயிறே பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து விம்மினாள்.

குழலி கையை ஊன்றி எழுந்தாள். அவள் காப்பாற்றிய பந்து அவள் அணிக்கு வெற்றிப் புள்ளியாகியிருந்தது. மைதானம் அதிர்ந்தது. நிறுவனத்தின் மேலதிகாரி எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

கெங்கம்மாவுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளின் இடது காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"நான்தான்டி கண்ணு காட்டிக் குடுத்துட்டேன்! அடைக்கலமேரியாண்ட ஒளறிட்டேன். ஒன் காலுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் கடல்ல வுழுந்திருப்பேன்டி!"

குழலி அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அந்தம்மா யாருன்னு எனக்கு எப்பவோ தெரியும்மா. நான் டாக்டராண்ட போனது அவளுங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. எந்தக் காலுன்னுதான் தெரியல. ஒங்கிட்ட சொன்னா ஞாயித்துக்கெழமைக்குள்ள போய்ச் சேந்துடும்னுதான் சொன்னேன்."

கெங்கம்மா மகளின் இடது முட்டியைத் தடவிப் பார்த்தாள்.

குழலி பல்லைக் கடித்தபடி வலது முட்டியின் கறுப்பு உறையைக் கீழே இழுத்தாள். முட்டி பன்னு மாதிரி வீங்கிக் கன்றிப்போயிருந்தது.

"வூட்டுக்குப் போயி, இன்னிக்காச்சும் அந்தத் தைலத்தை இந்தக் கால்ல தேய்ம்மா."