வீட்டில் இருந்தால்தான் சிறையில்

"எங்கப்பாவுக்கு ஃபேன் வேணும் சார்."

சிறையில் வேறெதை வேண்டுமானாலும் கேள், ஃபேனை மட்டும் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். தெருவின் முதல் பட்டதாரியான பூங்கோதை, அதைத்தான் முதலில் கேட்டாள்.

அதிகாரி சிரித்தார். "சட்டம் தெரியும்லம்மா? கைதி வீட்டுல என்ன வசதியோ, அதான் அறையிலயும். பக்கத்து அறைக்காரர் வீட்டுல ஏ.சி. இருக்கு, இங்கயும் ஓடுது. உங்க வீட்டச் சோதிச்சப்ப ஃபேனே இல்லையே?"

"இருந்துச்சு சார். உங்க ஆளுங்களப் பாத்ததும் ஜப்திக்கு வந்துட்டாங்கன்னு எங்கம்மா அதத் தூக்கிக் கோழிக்கூண்டுக்குள்ள வச்சிருச்சு. எங்க தெருவுல எல்லாரும் அப்பிடித்தான்."

"அப்ப ஏமாத்தியிருக்கீங்க."

"ஏமாத்துனா ஏதாச்சும் மிஞ்சணும் சார். அவரு தப்புப் பண்ணாரு, உள்ள இருக்காரு. அதுக்கு மூச்சுத் திணறியே சாகணுமா?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. "ஒரு வீட்ட ஒரு தடவதாம்மா சோதிப்போம். குடும்பம் வீடு மாறுனா மறுபடி வருவோம்."

அப்பா தன் கையால் கட்டிய வீடு. அவர் திரும்பி வரும்வரை அதைவிட்டு நகர மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள் அம்மா.

"வாடகை வீடுன்னாலும் வருவீங்களா?"

"வருவோம். உங்கம்மா ஒத்துக்குவாங்களா?"

பூங்கோதை எழுந்தாள். வெளியே நடந்துகொண்டே அம்மாவை அழைத்தாள்.

"சாமானக் கட்டும்மா. அழுவுறதுன்னா வண்டியில ஏறி அழுவு."